டிமென்ஷியா பராமரிப்பில் குடும்பத்தாருக்குப் பயிற்சி: படித்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகமாக என்ன கிடைக்கும்?

கயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோய் என்று உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன; இப்போது நடுக்கட்டத்தில் இருக்கிறார். நானும் அப்பாவும் உடனிருந்து பார்த்துக்கொள்கிறோம். தம்பி தொலைவில் இருக்கிறான். அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, இதைச் செய்தீர்களா, அதைச் செய்தீர்களா என்று கேட்பான். சென்ற முறை மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்து முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "மருந்தில் மாற்றம் ஏதும் தேவையில்லை, ஆனால் நீங்கள் இருவரும் பராமரிப்பாளர் பயிற்சி பெறுவது நல்லது" என்றார். அதற்கென்றே வீட்டுக்கு வரும் ஒருவரின் விவரத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்த மனைவியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வெளியாள் ஒருவர் வந்து கற்றுத்தர வேண்டுமா என்று மனம் வருந்துகிறார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். பொறுமையாக இருங்கள், வாதம் செய்யாதீர்கள், அன்றாட ஒழுங்கை மாற்றாதீர்கள் என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதையே ஒருவர் நேரில் வந்து சொல்வதால் என்ன மாறிவிடப் போகிறது என்று புரியவில்லை.

எங்களை மிகவும் வாட்டுபவை இரண்டு. ஒன்று குளியல்: குளியலறை வாசலிலேயே நின்றுவிடுகிறார்; கையைப் பிடித்து உள்ளே அழைத்தால் அலறுகிறார். மற்றொன்று மாலை நேரம்: பொழுது சாயத் தொடங்கியதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய், "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று நிற்கிறார். இதுதான் வீடு என்று அப்பா எடுத்துச் சொல்லச் சொல்ல அம்மாவுக்குக் கோபம் ஏறுகிறது. சில நாள்களில் அப்பாவையே "நீங்கள் யார்" என்று கேட்டுவிடுகிறார்.

இத்தகைய பயிற்சியைப் பெற்றவர்களோ அளிப்பவர்களோ இங்கிருந்தால் சொல்லுங்கள். அதில் என்னதான் நடக்கும்? வருபவர் தகுதியானவர் என்று எப்படி அறிவது? தம்பியையும் இதற்குள் கொண்டுவர வழி உண்டா?

செந்தாழை (தொழில்வழிச் சிகிச்சையாளர்)

கயல், உங்கள் ஐயம் நியாயமானதே. நீங்கள் படித்தவற்றையே திரும்பச் சொல்வதற்காக ஒருவர் வருவதாக இருந்தால், அவர் வரத் தேவையில்லை. தேர்ந்த பயிற்சியாளர் முதல் சந்திப்பில் அதிகம் பேசமாட்டார். உங்கள் அம்மா எழுவது, நடப்பது, உண்பது, உங்களோடு பேசுவது ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பார். எந்தக் கையேட்டாலும் செய்ய முடியாதது அந்தக் கவனிப்புதான்.

நோயாளிகள் அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளராக நான் பணிக்குச் சென்ற ஒரு வீட்டிலும் உங்களுடையதைப் போன்ற குளியல் சிக்கல் இருந்தது. அந்தப் பெரியவரைக் குளிக்க அழைக்கும் நேரத்தில் நானும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். அவர் வாசல்வரை நன்றாகவே வந்தார்; வாசலில் நின்று தரையையே பார்த்தார். வெளிர்நிறத் தரையின் நடுவே, வழுக்காமல் இருக்க வேண்டுமென்று வீட்டார் அக்கறையோடு விரித்திருந்த கறுப்பு ரப்பர் விரிப்பு கிடந்தது. ஆழத்தையும் நிறவேறுபாட்டையும் பிரித்தறியும் திறன் இந்நோயில் குறைந்துவிடுவதால், அது அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கக்கூடும். பின்னாலிருந்து மகள் "உள்ளே போங்கள்" என்கிறார். முன்னாலிருந்து மருமகன் "வாருங்கள், வாருங்கள்" என்கிறார். மேலே காற்றுவிசிறி இரைகிறது. இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள முடியாமல்தான் அவர் கையை உதறினார். வீட்டாரோ அதைப் பிடிவாதம் என்று எண்ணியிருந்தார்கள்.

தரையின் நிறத்திலேயே வேறு விரிப்பைப் போட்டோம்; விசிறியை நிறுத்தினோம்; ஒருவர் மட்டும், அதுவும் அவருடைய முகத்துக்கு நேராக நின்று, ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். தலையில் தண்ணீரை ஊற்றித் தொடங்காமல், தோளில் துண்டைப் போர்த்தியபடி உட்காரவைத்துப் பாதத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். சோப்பைத் தேய்த்துவிடாமல் அவர் கையிலேயே கொடுக்கவும் சொன்னேன். இவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அடுத்த வாரம் மகளிடம் கேட்டு, பலிக்காததை மாற்றினோம். உங்கள் அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் விரிப்பாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரின் குளிராக இருக்கலாம். பிறர் முன்னால் உடை களையும் கூச்சமாக இருக்கலாம். தோளிலோ முழங்காலிலோ உள்ள வலியை அவர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் பயிற்சியாளர் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

அந்த முறைக்கு நான்கு படிகள் உண்டு. நடந்ததை ஒளிப்பதிவில் பார்ப்பதுபோல அப்படியே விவரிப்பது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, உடலில் ஏதேனும் தொந்தரவு உண்டா என்று ஆராய்வது, அதற்கேற்ப ஒரு வழியை வகுப்பது, சில நாள்கள் கழித்து அது உதவியதா என்று மதிப்பிடுவது. ஆங்கிலத்தில் இப்படிகளின் முதலெழுத்துகளைக் கொண்டு இதை டைஸ் அணுகுமுறை என்பார்கள். "அம்மா முரண்டு பிடித்தார்" என்று சொல்லும் குடும்பம் சில வாரங்களில் "விசிறி ஓடும்போது மட்டும் மறுக்கிறார்" என்று சொல்லத் தொடங்கினால், பயிற்சி வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மாலையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாரே, அதையும் இதே கண்ணோடு பாருங்கள். அந்தப் பேச்சில் முகவரியைத் தேடுவதைவிட, அவர் எதற்காகத் தவிக்கிறார் என்று தேடுவதே பயன் தரும். களைப்பா, பசியா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா, வெளிச்சம் மங்கி நிழல்கள் நீள்வதால் வந்த கலக்கமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "இதுதான் வீடு" என்று மெய்ப்பிக்க முயன்றால், தன் கண்ணையே நம்பாதே என்று அவரிடம் சொல்வதாகிவிடுகிறது. "வீட்டு நினைவு வந்துவிட்டதா? அங்கே யார் காத்திருப்பார்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டபடியே கூட நடந்து, கதவிலிருந்து மெல்ல வேறு அறைக்கு அழைத்து வாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். பகலில் நெடுநேரம் தூங்கினால் அதையும் குறித்துவையுங்கள்.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியல் ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகிய பல துறையினர் இப்பணியைச் செய்கிறார்கள். துறை எதுவானாலும், டிமென்ஷியா உள்ளவர்களோடு நேரடியாகப் பணியாற்றிய பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும். உங்கள் அம்மா நோய்க்கு முன்னால் எப்படிப்பட்டவர், என்ன வேலை செய்தார், எதை விரும்புவார் என்று கேட்காமலே ஆலோசனை சொல்பவரை நான் நம்பமாட்டேன். குணப்படுத்துவதாகவோ நினைவைத் திருப்பித் தருவதாகவோ சொல்பவர், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்பவர், ஒரே சந்திப்பில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்பவர் ஆகியோரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆதவன் (மனைவியைப் பராமரித்தவர்)

கயல், இதை உங்கள் தந்தையாருக்காகவே எழுதுகிறேன். முடிந்தால் அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் மனைவிக்கு இந்நோய் வந்தபோது, அவளை என்னைவிட அறிந்தவர் யார் என்றுதான் நானும் எண்ணினேன். எங்கள் வீட்டுக்கு வந்த ஆலோசகர் அதை மறுக்கவே இல்லை. "உங்கள் மனைவியைப் பற்றி அறிந்தவர் நீங்கள், நோயைப் பற்றி அறிந்தவள் நான், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்" என்று சொல்லி, முதல் மணி நேரம் முழுவதும் என்னையே பேசவிட்டார். அவள் எப்படிப் பாடுவாள், எதற்குச் சிரிப்பாள், எந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்காது என்று நான் சொன்னவற்றையெல்லாம் எழுதிக்கொண்டார். பிற்பாடு அவர் தந்த ஒவ்வொரு யோசனையிலும் நான் சொன்ன ஏதோ ஒன்று இருந்தது.

இரண்டாம் சந்திப்பில் 22 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். ஸாரிட் பராமரிப்புச் சுமை அளவீடு என்பது அதன் பெயர். உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதாக உணர்கிறீர்களா, உங்கள் உடல்நலம் கெட்டிருப்பதாக நினைக்கிறீர்களா என்பன போன்ற கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். உறவினரும் நண்பரும் அவளைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என்னைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அந்தத் தாள்தான் என்று சொல்லலாம். எழுதி முடித்ததும் நெடுநேரம் பேச்சு வரவில்லை. ஆலோசகரும் அவசரப்படுத்தவில்லை.

மனைவி "நீங்கள் யார்" என்று கேட்கும் நாள்களைப் பற்றிக் கயல் எழுதியிருக்கிறார். ஆள் கண்முன்னே இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கும் இந்தத் துயரத்தை, பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் தெளிவற்ற இழப்பு என்று விவரித்திருக்கிறார். இறந்தவருக்காக ஊர் கூடி அழும். இதற்கு அப்படி அழ இடம் கிடையாது. இதைச் சொல்லக்கூடிய ஓர் ஆளும் ஓர் அறையும் கிடைத்ததுதான் அந்தச் சந்திப்புகளால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. உத்திகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கயல், உங்கள் தம்பியைப் பற்றியும் சொல்கிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் தலைமையில் 1987இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அல்சைமர் உள்ளவர்களின் கணவர், மனைவியர் 406 பேர் அதில் பங்கேற்றார்கள். சிறப்பு உதவி பெற்ற பிரிவினருக்குத் தனியாக 2 ஆலோசனைச் சந்திப்புகளும், குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து 4 சந்திப்புகளும் நடந்தன. அதன்பின் ஆதரவுக் குழுவில் இடமும், வேண்டும்போதெல்லாம் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதியும் தரப்பட்டன. வழக்கமான உதவி மட்டும் பெற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்த காலம் இடைநிலைக் கணக்கில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவில்) 557 நாள்கள் தள்ளிப்போனதாக 2006இல் வெளியான முடிவு சொல்கிறது. கூட்டுச் சந்திப்புகள் தனிச் சந்திப்புகளைப்போல் இரு மடங்கு வைக்கப்பட்டிருந்ததைக் கவனியுங்கள்.

என் பிள்ளைகளும் வெளியூரில்தான் இருந்தார்கள். கூட்டுச் சந்திப்பில் ஆலோசகர் அவர்களிடம், "அம்மாவை ஒரு முழு நாள் தனியாகப் பார்த்துக்கொண்டதுண்டா?" என்று கேட்டார். பிறகு குறை சொல்லாமல், தொலைவிலிருந்தே செய்யக்கூடியவற்றைப் பிரித்துக் கொடுத்தார்: மருத்துவச் சந்திப்புகளுக்கு நேரம் வாங்குவது, வங்கி மற்றும் காப்பீட்டுக் காகிதங்கள், வாரத்தில் குறிப்பிட்ட மாலையில் காணொளியில் அம்மாவோடு பேசி எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு தருவது. வேலை கைக்கு வந்ததும் அறிவுரை தானாகக் குறைந்தது. அக்கா சொன்னால் தம்பிக்கு மனத்தாங்கலாகக்கூடியதை மூன்றாம் மனிதர் சொன்னால் ஏற்றுக்கொள்வான் என்று நம்புகிறேன்.

நெடுவழி

மேலே சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியின் எல்லையையும் கயல் அறிந்திருக்க வேண்டும். டிமென்ஷியாவால் உலகத்துக்கு ஆகும் செலவு 2019இல் 1.3 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தாரும் நண்பர்களும் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பு என்றும், அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் அதில் செலவிடுகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த 5 மணி நேரத்தை எந்தப் பயிற்சியும் 2 மணி நேரமாக்கிவிடாது. இரவில் தூக்கமில்லாத ஒருவருக்குத் தேவை, முதலில், இரவில் விழித்திருக்க இன்னோர் ஆள்.

என் தந்தையைப் பார்த்துக்கொண்டபோது எங்களுக்கு வந்த பயிற்சியாளர் நல்லவர், சொன்னவையும் சரியானவையே. ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொன்றும் என் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்தது. பகல்நேரப் பராமரிப்பு மையமோ, சில மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ளும் உதவியாளரோ கிடைத்த பின்னர்தான் அவற்றைச் செய்யும் தெம்பு வந்தது. ஆகவே முதல் சந்திப்பிலேயே, "எங்களுக்கு ஓய்வு கிடைக்க என்ன வழி?" என்று கேளுங்கள். அதற்கு விடை தேட முன்வராதவர் பாதி வேலையைத்தான் செய்கிறார் என்பது என் கருத்து.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. நிபுணர் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்பதில்லை. லண்டனில், பராமரிப்பாளர்களுக்குச் சமாளிக்கும் உத்திகளைக் கற்றுத்தரும் ஸ்டார்ட் என்ற திட்டத்தை 260 பராமரிப்பாளர்களிடம் சோதித்தார்கள். அதில் 8 சந்திப்புகளை நடத்தியவர்கள், மேற்பார்வையின்கீழ் பணியாற்றிய உளவியல் பட்டதாரிகளே. 2013இல் வெளியான அதன் முடிவில் பராமரிப்பாளர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன; 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் நீடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் என்ற பாடத்திட்டமும் 5 பகுதிகளில் 23 பாடங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சியாளர் வரும் நாள்வரை அதை நீங்களும் தம்பியும் ஒரே நேரத்தில் படித்து வாருங்கள்.

கயல்

மூவருக்கும் நன்றி. ஆதவன் ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு முறை வரட்டும், பார்க்கலாம் என்றார். தம்பியும் காணொளியில் சேர்ந்துகொள்கிறான். அடுத்த வாரம் பயிற்சியாளர் வருகிறார்.

இன்னொன்று கேட்க வேண்டும். நேற்று முன்தினத்திலிருந்து அம்மா வழக்கத்துக்கு மாறாக இருக்கிறார். பகலில் எழுப்பினாலும் தூக்கக் கலக்கமாகவே இருக்கிறார். இரவில் திடுக்கிட்டு எழுந்து, அறையின் மூலையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்லிப் போர்வையைப் பிய்க்கிறார். சற்று நேரம் தெளிவாகப் பேசுகிறார், மறுபடியும் குழம்பிவிடுகிறார். நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா? பயிற்சியாளர் வரும்போது அவரிடமே கேட்டுக்கொள்ளலாமா?

செந்தாழை (தொழில்வழிச் சிகிச்சையாளர்)

கயல், காத்திருக்க வேண்டாம். அம்மாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமர் நோய் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும்தான் முற்றும். ஓரிரு நாள்களில் இப்படி மாறாது. திடீரென்று தொடங்கி, கூடியும் குறைந்தும் வந்து, தூக்கக் கலக்கத்தோடு சேர்ந்திருக்கும் குழப்பத்தைக் கண்டால் டெலிரியம் எனப்படும் கடும் மனக்குழப்ப நிலை என்றே முதலில் ஐயுற வேண்டும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றில் ஏதேனும் அதற்குக் காரணமாக இருக்கலாம். காரணத்தைக் கண்டு சிகிச்சையளித்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும், தாமதித்தால் ஆபத்து.

"குழப்பமாக இருக்கிறார்" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால், டிமென்ஷியாவில் அது இயல்புதானே என்று கடந்துபோய்விடக்கூடும். "மூன்று நாள்களுக்கு முன்புவரை இப்படி இல்லை" என்பதையே முதலில் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், கடைசியாக எப்போது மலம் கழித்தார், சிறுநீரின் நிறமும் மணமும் எப்படி, காய்ச்சல் உண்டா, எங்காவது விழுந்தாரா என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் உறையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் பழைய தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ மீதி இருந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டாம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனப்பிறழ்வுக்கான மருந்துகளைத் தரும்போது இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்திருக்கிறது. தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியாளரையும் இன்றே தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். தகுதியானவராக இருந்தால் அவரும் உங்களை உடனே மருத்துவரிடம்தான் அனுப்புவார். அவருடைய வருகையை ஓரிரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இந்தக் குழப்பத்தின் நடுவே வந்து பார்த்தால், உங்கள் அம்மாவின் வழக்கமான நிலையையோ அம்மாவால் இன்னும் செய்ய முடிகிறவற்றையோ பயிற்சியாளரால் அறிய முடியாது. குளியலுக்கும் மாலை நேரத்துக்கும் வகுக்கும் வழிகளும் பொருந்தாமல் போகும். உடல் தேறி, அம்மா தம் பழைய ஒழுங்குக்குத் திரும்பியதும், குளிக்கும் வேளையிலோ பொழுது சாயும் வேளையிலோ வருமாறு அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.